மருந்துச் சீட்டில் நர்சு கையெழுத்து

ஒரு கையெழுத்துக்காக இங்கிலாந்தில் 20 ஆண்டுகள் வாதம் நடந்தது.

மருந்துச் சீட்டின் அடியில் போடுகிறார்களே, அந்தக் கையெழுத்துதான். அதை டாக்டர் மட்டும்தான் போட வேண்டுமா? நர்சும் போடலாமா?

1986-ல் இந்தக் கேள்வி எழுந்தது. 2006-ல் முடிவு வந்தது. தனிப் பயிற்சி பெற்ற நர்சு, டாக்டரைக் கேட்காமல், தன் சொந்தப் பொறுப்பில் சீட்டு எழுதலாம் என்று சர்க்கார் அனுமதித்தது. இன்று அந்த நாட்டில் பல்லாயிரம் நர்சுகள் சீட்டு எழுதுகிறார்கள். மருந்துக் கடைக்காரர் அதை டாக்டர் சீட்டைப் போலவே வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்கிறார்.

இந்த மாறுதலை மற்ற நோயாளிகளைவிட அதிகமாக உணர்ந்தவர்கள் மூச்சு நோயாளிகள். பிரிட்டனில் ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் சுமார் 54 லட்சம் பேர். அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக்கு வர வேண்டும். வந்தால் பார்ப்பது யார்? பெரும்பாலும் நர்சுதான். டாக்டரைப் பார்க்காமலே பல ஆண்டுகள் ஓட்டிவிடுகிற ஆஸ்துமாக்காரர்கள் அங்கே உண்டு.

இது நல்லதா, கெட்டதா? கையெழுத்து கைமாறியதால் உயிர்கள் பிழைக்கின்றனவா?

டாக்டர் அறைக்கு வெளியே

பிரிட்டனில் 1948 முதல் வைத்தியச் செலவைச் சர்க்கார் ஏற்றிருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் தன் பகுதியில் உள்ள ஒரு டாக்டரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்ளும். எந்த நோயானாலும் முதலில் அவரிடம் போகவேண்டும். அவருடைய வைத்தியசாலையில் நர்சுகள் இருப்பார்கள். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்சுகளும் உண்டு.

இந்த நர்சுகளின் பாடு என்ன தெரியுமா? ஒரு கிழவியின் காலில் ஆறாத புண். நர்சு அதைக் கழுவுகிறார். எந்தக் களிம்பு வேண்டும், எந்தத் துணி வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எழுதிக் கொடுக்க முடியாது! வைத்தியசாலைக்குத் திரும்பி வந்து, டாக்டர் அறைக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருக்கிற நோயாளி வெளியே வந்ததும் சீட்டை நீட்ட வேண்டும். டாக்டர் அந்தக் கிழவியைப் பார்த்திருக்கமாட்டார். புண்ணையும் பார்த்திருக்கமாட்டார். ஆனாலும் கையெழுத்துப் போடுவார்.

பார்த்தவருக்கு உரிமை இல்லை. உரிமை உள்ளவர் பார்க்கவில்லை. இதுதான் பழைய ஏற்பாடு.

1986-ல் ஜூலியா கம்பர்லெஜ் என்ற அம்மையாரின் தலைமையில் ஒரு கமிட்டி நர்சுகளின் வேலையை ஆராய்ந்தது. கையெழுத்துக்காகக் காத்திருந்து நேரம் வீணாவதைக் கண்டது. ஒரு சிறிய பட்டியலில் உள்ள மருந்துகளையாவது நர்சுகள் எழுதட்டும் என்று சிபாரிசு செய்தது. 1989-ல் ஜூன் கிரவுன் என்ற பெண் டாக்டர் தலைமையில் இன்னொரு கமிட்டி. அதுவும் 'சரி' என்றது.

1992-ல் சட்டம் வந்தது. அதுகூடச் சர்க்கார் கொண்டுவந்த மசோதா அல்ல. ரோஜர் சிம்ஸ் என்ற பார்லிமெண்டு உறுப்பினர் தனிப்பட்ட முறையில் கொண்டுவந்தது. சட்டம் வந்தும் உடனே நடந்துவிடவில்லை. 1994-ல் எட்டு இடங்களில் மட்டும் வெள்ளோட்டம் விட்டார்கள்.

அப்போது நர்சுக்குக் கிடைத்த பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும். கட்டுத் துணி, களிம்பு, மலச்சிக்கல் மருந்து என்ற அளவில்தான் இருந்தது. 2002-ல் பட்டியல் நீண்டது. 2003-ல், டாக்டரும் நர்சும் சேர்ந்து ஒரு நோயாளிக்குத் திட்டம் வகுத்துக்கொண்டால், அந்தத் திட்டத்துக்குள் நர்சு மருந்தை மாற்றலாம் என்றார்கள். இந்த ஏற்பாட்டில் ஆஸ்துமா மருந்துகளும் நர்சு கைக்கு வந்தன.

2005 நவம்பரில், அப்போதைய சுகாதார மந்திரி பெட்ரிசியா ஹெவிட் வேலியையே எடுத்துவிடப் போவதாக அறிவித்தார். மருந்துகளின் பெரிய புத்தகம் முழுவதும், சில போதை மருந்துகள் தவிர, நர்சுக்குத் திறந்துவிடப்படும் என்றார். டாக்டர்கள் சங்கம் கொதித்தது. ஆபத்தான வேலை என்று கண்டித்தது. 2006 மே மாதம் உத்தரவு அமுலுக்கு வந்தது. 2012-ல் மார்பின் முதலிய மருந்துகளுக்கும் அனுமதி வந்தது. கடைசிக் காலத்தில் மூச்சுக்குத் தவிக்கும் நோயாளிக்கு மார்பின் சிறிது கொடுத்தால் தவிப்பு குறையும். அதற்காகப் பாதி இரவில் டாக்டரைத் தேட வேண்டிய நிலை மாறியது.

கையெழுத்து எதற்காக?

கையெழுத்தை நர்சுக்குக் கொடுக்கலாமா என்று பேசுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்துமா மருந்துக்குக் கையெழுத்து எதற்கு? கடையில் தலைவலி மாத்திரை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டால் என்ன?

அப்படி வாங்கிய காலம் ஒன்று இருந்தது.

1955-ல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனித் தலைவரின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. ரப்பர் உருண்டையை அமுக்கினால் கண்ணாடிக் குழலில் மருந்து புகையாக வரும். அதைத்தான் அவள் உறிஞ்சிக் கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு திரிவது தொல்லை. கண்ணாடி உடைந்தால் போச்சு! "தலைமுடிக்கு அடிக்கிற வாசனைத் தைலம் டப்பாவில் வருகிறதே, என் மருந்தையும் அப்படிச் செய்யக்கூடாதா?" என்று அப்பாவைக் கேட்டாள். அடுத்த ஆண்டே, 1956-ல், கையடக்கமான டப்பா விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று உலகம் முழுவதும் ஆஸ்துமாக்காரர்களின் சட்டைப் பையில் இருக்கும் இன்ஹேலரின் பிறப்பு அதுதான்.

1960-களில் பிரிட்டனில் அந்த டப்பாக்கள் சீட்டு இல்லாமலே விற்றன. அந்த ஆண்டுகளில் ஆஸ்துமாவால் இளம் வயதினர் சாவது திடீரென்று ஏறியது. ஐசோபிரெனலின் என்ற மருந்தை வீரியம் கூட்டி அடைத்த டப்பாக்களின்மேல் சந்தேகம் விழுந்தது. சில நிமிஷம் மூச்சு திறக்கும். அந்தச் சுகத்தை நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல், மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1967-ல் டாக்டர்களுக்கு எச்சரிக்கை போயிற்று. 1968-ல், சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆக்கினார்கள். சாவு இறங்கியது. மருந்து ஒன்றுதான் காரணமா என்று நிபுணர்கள் பின்னால் வெகு நாள் வாதாடினார்கள். ஆனால், சீட்டும் கையெழுத்தும் வந்த கதை இதுதான்.

அதாவது, 'இவர் ஏன் இவ்வளவு மருந்து கேட்கிறார்?' என்று ஒருவராவது நின்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கையெழுத்து.

நீலமும் பழுப்பும்

ஆஸ்துமாக்காரரின் மூச்சுக் குழாய்க்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுக்கிப் பிடிக்கிறது. குழாயின் உள்பக்கம் வீங்கிச் சளி கட்டுகிறது. வெளியிலிருந்து நெருக்கம், உள்ளேயிருந்து அடைப்பு. காற்றுக்கு வழி ஏது?

இதற்கு இரண்டு விதமான மருந்து. ஒன்று தசையைத் தளர்த்தும். 1969-ல் வந்த சால்புட்டமால் அந்த வகை. பிரிட்டனில் அது நீல நிற டப்பாவில் வரும். இரண்டு தடவை அடித்தால் சில நிமிஷத்தில் மூச்சு வரும். சில மணி நேரம் தாங்கும். இரண்டாவது, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்து. 1972-ல் வந்தது. அது பெரும்பாலும் பழுப்பு நிற டப்பா. அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. தினமும் காலை, மாலை அடித்துக்கொண்டே இருந்தால் நாள் ஆக ஆக வீக்கம் வடியும்.

மனித சுபாவத்தை இங்கே பார்க்க வேண்டும். நீலம் உடனே சுகம் தருகிறது. நம்பிக்கை வந்துவிடுகிறது. பழுப்பு ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை. அலமாரியில் போய்விடுகிறது. வீடு தீப்பிடித்தால் அணைக்காமல் புகையை விசிறிக்கொண்டே இருப்பது போன்ற வேலை இது!

நீலம் வாரத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ தேவைப்பட்டால், நோய் அடங்கவில்லை என்று அர்த்தம். நோய் அடங்கினவருக்கு ஆண்டுக்கு ஓரிரு டப்பா போதும். மூன்றோ அதற்கு மேலோ வாங்குகிறவர்களுக்குக் கடுமையான இரைப்பு வரும் ஆபத்து அதிகம்.

அங்கே நர்சு அறையில் அன்றாடம் நடக்கும் பேச்சு இந்த மாதிரி இருக்கும்:

"நீல மருந்து தீர்ந்துவிட்டது, சிஸ்டர். இன்னொன்று எழுதிக் கொடுங்கள்."

"போன மாதம்தானே வாங்கினீர்கள்?"

"ஆமாம். அது இல்லாமல் மாடிப்படி ஏற முடியவில்லை."

"ராத்திரி தூக்கம் எப்படி?"

"மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவேன்."

"பழுப்பு மருந்து அடிக்கிறீர்களா?"

"அதை அடித்தால் ஒன்றும் தெரிவதில்லை. விட்டுவிட்டேன்."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. இதை வெளியே கொண்டுவரச் சாவகாசமாகப் பேச வேண்டும். டப்பாவை அவர் எப்படி அடிக்கிறார் என்று அடித்துக் காட்டச் சொல்ல வேண்டும். காற்றடைத்த டப்பாவானால் மெள்ள உறிஞ்ச வேண்டும். பொடி மருந்தானால் வேகமாக, பலமாக உறிஞ்ச வேண்டும். பலர் தலைகீழாகச் செய்வார்கள். மருந்து நாக்கில் படிந்துவிடும், நுரையீரலுக்குப் போகாது. இதைக் கண்டுபிடிப்பதில் நர்சுகள் கெட்டிக்காரர்கள். ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்டிராட்பர்டு ஊரில், 1980-களில், கிரெட்டா பார்ன்ஸ் என்ற நர்சு ஆஸ்துமாவுக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கினார். வைத்தியசாலை நர்சுகள் அங்கே போய்ப் படித்தார்கள். சீட்டு எழுதும் உரிமை வருவதற்கு வெகு காலம் முன்பே மூச்சு நோயில் அவர்கள் தேர்ந்துவிட்டார்கள்.

அப்படிப்பட்ட நர்சு, நோயாளி மருந்தை விட்டுவிட்டார் என்று கண்டுபிடித்த பிறகும், 'இருங்கள், டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வருகிறேன்' என்று எழுந்து போக வேண்டுமா? உரிமை கொடுத்தது நியாயமே.

195 சாவுகள்

ஆனால் உரிமை கொடுத்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை.

2012 பிப்ரவரி முதல் 2013 ஜனவரி வரை பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்தவர்களில் 195 பேருடைய வைத்தியக் குறிப்புகளை நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். 2014-ல் அறிக்கை வெளிவந்தது. நர்சுகள் முழு உரிமை பெற்று ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த சாவுகள் இவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நூற்றுக்கு 46 பேர் விஷயத்தில், சிகிச்சை சரியாக இருந்திருந்தால் சாவைத் தடுத்திருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். நூற்றுக்கு 45 பேர், உதவி கேட்காமலே அல்லது உதவி வந்து சேருவதற்குள் இறந்துவிட்டார்கள். நோயின் கடுமை குறிக்கப்பட்டிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 'லேசான ஆஸ்துமா', 'நடுத்தர ஆஸ்துமா' என்று எழுதப்பட்டிருந்தவர்கள்!

நீல டப்பாக் கணக்குதான் நெஞ்சை உலுக்குகிறது. கணக்குக் கிடைத்த 165 பேரில் 65 பேர், இறப்பதற்கு முந்திய ஓர் ஆண்டில் 12 டப்பாவுக்கு மேல் வாங்கியிருந்தார்கள். 6 பேர் 50-க்கு மேல்! ஒரு டப்பாவில் 200 தடவை அடிக்கலாம். 50 டப்பா என்றால் 10,000 தடவை. நாளுக்கு 27 தடவை அடித்திருக்கிறார்கள். இரவும் பகலும் மூச்சுக்குப் போராடியிருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

அத்தனை டப்பாவும் திருட்டுத்தனமாக வாங்கியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் சீட்டு இருந்தது. கையெழுத்து இருந்தது. பார்த்த கண் இல்லை.

இது எப்படி நடந்தது? அங்கே 'மறு சீட்டு' என்று ஒரு முறை இருக்கிறது. ஒரு முறை எழுதிய மருந்தை, நோயாளி நேரில் வராமலே, கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விண்ணப்பம் வரும், கம்ப்யூட்டர் சீட்டைத் தயாரிக்கும், கட்டுக் கட்டாகக் கையெழுத்துக்கு வரும். இன்று காகிதமும் வேண்டாம். கம்ப்யூட்டர் வழியாகவே மருந்துக் கடைக்குப் போய்விடுகிறது. வேலை நெருக்கடியில் பதின்மூன்றாவது நீல டப்பாவும் முதல் டப்பாவைப் போலவே போய்விடுகிறது. டாக்டர் கையெழுத்தானாலும் நர்சு கையெழுத்தானாலும் இந்த ஆபத்து ஒன்றுதான்.

இறந்த 195 பேரில், இரைப்பு முற்றினால் என்ன செய்ய வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று எழுத்தில் பெற்றிருந்தவர்கள் 44 பேர்தான். அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுக்கச் சட்டம் எதுவும் தேவை இல்லை. எந்த நர்சும் எந்தக் காலத்திலும் கொடுத்திருக்கலாம். கால் மணி நேரம் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கால் மணி நேரந்தான் கிடைப்பதில்லை.

டாக்டர்கள் சொல்வது

டாக்டர்களின் ஆட்சேபத்தைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. 'இரைக்கிறது' என்று வருகிறவர்கள் எல்லாரும் ஆஸ்துமாக்காரர்கள் அல்ல. இருதயம் பலவீனப்பட்டாலும் மூச்சு வாங்கும். நுரையீரலில் புற்று வைத்தாலும் இருமல் வரும். முதலில் போட்ட பெயர் தவறாகிவிட்டால், பிறகு எழுதும் மருந்தெல்லாம் தவறு. நோயைக் கண்டுபிடிப்பதற்கு ஆண்டுக்கணக்கில் படித்தவருக்கும், சில மாதப் பயிற்சி பெற்றவருக்கும் வித்தியாசம் இல்லையா?

நியாயமான கேள்வி. எளிய பரீட்சை வைத்து இந்த உரிமையைக் கொடுத்துவிடவில்லை என்பது ஒரு பதில். 2006 காலத்தில் 26 நாள் பாடமும், ஒரு டாக்டரின் கண்பார்வையில் 12 நாள் பயிற்சியும் கட்டாயம். இன்றைய விதிப்படி மருந்து பற்றிய பரீட்சையில் நூற்றுக்கு 80 மார்க்காவது வாங்க வேண்டும். மருந்தளவுக் கணக்கில் நூற்றுக்கு நூறு! ஒரு கணக்குத் தப்பினாலும் தேறமுடியாது. அது சரிதான். குழந்தைக்கு மருந்து எழுதும்போது ஒரு புள்ளி தள்ளிப்போனால் பத்து மடங்கு ஆகிவிடும் அல்லவா? தவறு நடந்தால் 'டாக்டர் சொன்னார்' என்று தப்பிக்கவும் முடியாது. நர்சே பொறுப்பு. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிடலாம்.

ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. டாக்டர் அல்லாதவர்கள் சீட்டு எழுதுவது பற்றிய 46 ஆராய்ச்சிகளை 2016-ல் சேர்த்து அலசினார்கள். டாக்டர்கள் எழுதியதற்கு இளைப்பாக இல்லை என்று தெரிந்தது. ஆனால் அவை அதிகமாக அளந்தது இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை. ஆஸ்துமாவைப் பொறுத்தமட்டில், நர்சு பார்த்ததையும் டாக்டர் பார்த்ததையும் ஒப்பிட்ட ஐந்து ஆராய்ச்சிகளை 2013-ல் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 588 நோயாளிகள். பெரிய வித்தியாசம் இல்லை. நோய் அடங்கி இருக்கிறவர்களை நர்சு பார்த்துக்கொள்ளலாம் என்ற அளவுக்குத்தான் அதை வைத்துச் சொல்ல முடியும். 588 பேர் என்பது பெரிய எண்ணிக்கை அல்ல.

டாக்டர்கள் கேட்ட கேள்வியைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. சட்டம் நர்சுக்கு மருந்துப் புத்தகம் முழுவதையும் திறந்துவிட்டது. ஆனால் நுரையீரலைப் பற்றிப் படித்தாக வேண்டும் என்று தனியாகச் சொல்லவில்லை. 'உனக்குத் தெரிந்த நோய்க்கு மட்டும் எழுது' என்று அவர் மனசாட்சிக்கு விட்டிருக்கிறது. முன்பு மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்தான் இந்தப் படிப்பில் சேரலாம். இப்போதைய விதிப்படி ஓர் ஆண்டு போதும். ஆள் பஞ்சத்தில் திண்டாடும் வைத்தியசாலை, கையில் பேனா உள்ள நர்சைப் பார்த்து, 'இன்று ஆஸ்துமா வரிசையை நீங்கள் பாருங்கள்' என்றால் என்ன ஆகும்? 2014 அறிக்கை அதைத்தான் சுட்டிக்காட்டியது. ஆண்டுச் சோதனையை ஆஸ்துமாவில் தனிப்பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்றது. டாக்டரா, நர்சா என்று அது பிரிக்கவில்லை.

பீடிக்காரர் கதையும் உண்டு

மூச்சு நோயில் இன்னொரு பெரிய கூட்டம், பல ஆண்டு புகை பிடித்து நுரையீரல் கெட்டவர்கள். 'சி.ஓ.பி.டி.' என்பார்கள். ஆஸ்துமாவைப் போல இது வந்து போவதில்லை. கெட்டது கெட்டதுதான். குளிர்காலத்தில் சளி பிடித்தால் ஒரே நாளில் படுக்கையில் தள்ளிவிடும். ஆகையால் ஸ்டீராய்டு மாத்திரையும், கிருமியைக் கொல்லும் மாத்திரையும் ஒரு பொட்டலமாக எழுதி வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பெரும்பாலும் இதை எழுதுகிறவர் நர்சுதான். சனி, ஞாயிறில் டாக்டர் கிடைக்காமல் தவிப்பவருக்கு இது வரப்பிரசாதம்.

பொட்டலத்தைப் பிரித்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. சொல்லாமல், மூச்சு வாங்கும்போதெல்லாம் பிரித்துக்கொண்டிருந்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். இங்கேயும் நீல டப்பாவின் கதைதான்.

காசு

நர்சால் மாற்ற முடியாதது ஒன்று இருக்கிறது. மருந்தின் விலை.

வைத்தியம் இலவசம் என்றாலும், இங்கிலாந்தில் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் கட்டணம் உண்டு. 2024 மே மாதம் அது 9 பவுன் 90 பென்ஸ் ஆயிற்று. சிறுவர்களுக்கும், 60 வயது ஆனவர்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் கட்டணம் இல்லை. சில நோய்களுக்கும் விலக்கு உண்டு. மருந்து சாப்பிடும் சர்க்கரை நோயாளி கட்ட வேண்டாம். ஆனால் ஆஸ்துமாக்காரர் கட்ட வேண்டும்! 1968-ல் போட்ட விலக்குப் பட்டியலில் ஆஸ்துமா இல்லை. பின்னால் புற்று நோய் சேர்ந்தது. ஆஸ்துமா சேரவில்லை. ஸ்காத்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றும் எல்லாருக்குமே கட்டணத்தை எடுத்துவிட்டன. இங்கிலாந்து எடுக்கவில்லை.

நர்சு நீலமும் பழுப்பும் எழுதுகிறார். கூலிக்காரர் ஒருவர் கடைக்குப் போகிறார். இரண்டுக்கும் பணம் இல்லை. எதை வாங்குவார்? உடனே மூச்சு விட வைக்கும் நீலத்தைத்தான். நர்சுக்குச் சீட்டு எழுத உரிமை கொடுத்த சர்க்கார், அந்தச் சீட்டைப் பாதியாகக் கிழிக்கும் கட்டணத்தை இன்னும் வைத்திருப்பது விந்தை.

நம் நாட்டில்

இந்தியாவில் நர்சு தன் பெயரில் சீட்டு எழுத முடியாது. பதிவு பெற்ற டாக்டர்தான் எழுத வேண்டும். 2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்தது. 'சமுதாய சுகாதாரப் பணியாளர்' என்று சிலருக்கு வரம்புக்குட்பட்ட அனுமதி கொடுத்து, ஆரம்ப வைத்தியத்தில் குறிப்பிட்ட மருந்துகளை எழுத விடலாம் என்றது. போலி டாக்டர்கள் பெருகிவிடுவார்கள் என்று டாக்டர்கள் எதிர்த்தார்கள். 2019 ஜூலை 31-ல் நாடு முழுவதும் ஒரு நாள் வேலை நிறுத்தமும் செய்தார்கள். இங்கிலாந்தில் எழுந்த அதே கூக்குரல்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சீட்டு இல்லாமலே கடையில் மருந்து வாங்கும் பழக்கம் நம் ஊரில் சாதாரணம். இங்கிலாந்தில் 1968-ல் மூடிய கதவு அது.

இங்கே படித்த நர்சுகள் அங்கே போய் வேலை பார்க்கிறார்கள். அந்த நாட்டின் பதிவேட்டில் உள்ள வெளிநாட்டு நர்சுகளில் இந்தியாவில் படித்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஊரில் டாக்டர் சொன்னதைச் செய்து பழகிய பெண், அங்கே பரீட்சை எழுதித் தேறி, தன் பெயரிலேயே சீட்டு எழுதலாம். ஊருக்குத் திரும்பினால் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும்!

2024-ல் வந்த புது முறை

2024 நவம்பரில் பிரிட்டிஷ் நிபுணர் குழுக்கள் ஆஸ்துமாவுக்குப் புது வழிமுறை வெளியிட்டன. 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் நீல மருந்தை மட்டும் தனியாக எழுதாதீர்கள் என்று அது சொல்கிறது. உலக ஆஸ்துமா நிபுணர்கள் 2019-லேயே சொன்னதுதான். அதற்குப் பதில், மூச்சைத் திறக்கும் மருந்தும் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் ஒரே டப்பாவில் கலந்து வருவதை எழுத வேண்டும். புதிதாக நோய் கண்டவர், இரைப்பு வரும்போது அதை அடித்துக்கொள்ளலாம். சுகத்தைத் தேடி அடித்தாலும் வீக்க மருந்து தானாகவே உள்ளே போய்விடும். பழுப்பை அலமாரியில் தள்ள வழி இல்லை. ஒரே டப்பா, ஆகவே ஒரே கட்டணம்!

கேட்க எளிது. ஆனால் நீலத்தை 30, 40 ஆண்டு நம்பியவரிடம், 'இனி இது வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். பல பேர் பயந்துபோவார்கள். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களை உட்கார வைத்து, புது டப்பாவை உறிஞ்சக் கற்றுக்கொடுத்து, பழைய மறு சீட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். லட்சக்கணக்கான நோயாளிகள். ஒருவர் ஒருவராகத்தான் செய்ய முடியும். அந்த வேலையில் பெரும்பங்கு இப்போது வைத்தியசாலை நர்சுகளின் மேசைமேல் இருக்கிறது.